முழங்கால் வலியோடு பின்லாந்துச் சதுப்பில் மூன்று நடைகள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுவில் ஏழு பேர். ஆறு பெண்கள், ஓய்வுபெற்ற தபால்கார அண்ணன் ஒருவர். காலை ஏழு மணிக்குத் தாமான் துகுவிலோ கெப்போங் ஃப்ரிம் காட்டிலோ நடப்போம், ஒன்பதரைக்குப் பசியாறப் போவோம். போன ஆண்டு ஜூலைக் கடைசியில் மகளைப் பார்க்கப் பின்லாந்து போய் நான்கு வாரம் இருந்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து தோசைக்குக் காத்திருக்கும் நேரத்தில் எல்லாரும் கேட்பது இதைத்தான்: "டீச்சர், அந்த முழங்காலை வச்சுக்கிட்டு அங்க எப்படிக் காட்டுல நடந்தீங்க?" வாராவாரம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் அந்தப் பக்கம் வேலையில் இருக்கிற, கால் வலி உள்ள, ஆனாலும் மரத்தடியில் நடக்கிற ஆசையை விடாத எவருக்கும் உதவும்.

முதலில் முழங்கால். 31 ஆண்டு தமிழ்ப்பள்ளியில் நின்றே பாடம் நடத்தியவள் நான். வலது முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. சமதரை பரவாயில்லை, படி ஏறுவதைக் குறையுங்கள், இறங்குவதை இன்னும் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு எனக்குக் காடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. புக்கிட் காசிங் குன்று விட்டுப்போனது. பத்துமலையின் 272 படிகளும் தைப்பூசத்துக்கு மட்டும் என்றானது. நான் போன இடங்களில் 'சுலபமான பாதை' என்று பலகை இருந்தால், அந்தப் பாதை காட்டின் விளிம்போடு நின்றுவிடும். அருவியும் பெரிய மரங்களும் படிக்கட்டுக்கு மேலே இருக்கும். கால் நன்றாக இருக்கிறவர்கள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து கைப்பேசியில் படம் காட்டுவார்கள். நான் கீழே கல்லில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வேன்.

பின்லாந்தில் ஆகச் சுலபமான பாதை சதுப்பின் நடுவுக்கே கூட்டிக்கொண்டு போகிறது. நான் சொல்ல வந்ததில் இதுதான் முக்கியம்.

எனக்கு இன்னொரு பயமும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் சிலாங்கூரில் ஒரு காட்டில், அதன் பேர் வேண்டாம், நாங்கள் நால்வர் இரண்டு மணி நேரம் வழி தெரியாமல் சுற்றினோம். மரங்களில் நாடா கட்டியிருந்தது, அதை நம்பித்தான் உள்ளே போனோம். வெவ்வேறு ஓட்டப் பந்தயங்களுக்கு வெவ்வேறு ஆண்டில் கட்டிவிட்டு யாரும் அவிழ்க்காத நாடாக்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சிவப்பு ஒரு பக்கம் போனது, மஞ்சள் இன்னொரு பக்கம். மழையும் இறங்கிவிட்டது. காட்டோரத்தில் குடியிருக்கும் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) பெரியவர் ஒருவர் எங்கள் சத்தம் கேட்டு வந்து வெளியே கொண்டுவந்து விட்டார். அதிலிருந்து புதுப் பாதை என்றால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஆகவே மகள் "இங்க நீங்க தனியாவே நடக்கலாம்மா" என்றபோது நான் நம்பவில்லை.

பின்லாந்தில் 41 தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. மெட்சாஹல்லிட்டுஸ் என்ற அரசு வனத்துறை அவற்றைப் பார்த்துக்கொள்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நான் போன பாதைகளில் தொடக்கத்தில் ஒரு வரைபடப் பலகை இருந்தது. சுற்று எத்தனை கிலோமீட்டர், எங்கே சதுப்பு, எங்கே நெருப்பு மூட்டும் இடம், எங்கே கழிப்பறை, எல்லாம் அதில் உண்டு. பூங்காவில் பல சுற்றுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அந்த நிறக் குறி மரத்திலோ கம்பத்திலோ இருக்கும். என் ஐந்து வயதுப் பேரனுக்கு இது ஒரு விளையாட்டு. ஒரு குறியைத் தொட்டுவிட்டு "பாட்டி, அடுத்தது அங்க!" என்று கத்திக்கொண்டு ஓடுவான். பாதை பிரியும் இடத்தில் நின்று யோசிக்க வேண்டி வந்தது நான்கு வாரத்தில் ஒரே ஒரு தடவைதான். அன்றும் பத்தடி தள்ளி, வளர்ந்த கிளைக்குப் பின்னால் குறி இருந்தது.

முதல் நடை நூக்சியோவில். எஸ்போ நகரத்தின் வடக்கே உள்ள இந்தப் பூங்கா 1994இல் தொடங்கியது. எஸ்போ ரயில் நிலையத்திலிருந்து 245ஆம் எண் பஸ் போகிறது. காடி (கார்) இல்லாதவர்களுக்கு இதைவிட வசதியான பூங்காவை நான் பார்க்கவில்லை. பஸ் ஹல்தியா என்ற இயற்கை மையத்தின் வாசலில் நிற்கும். ஹல்தியா என்றால் ஒரு இடத்தைக் காக்கிற ஆவி என்று மகள் சொன்னாள். நான் பிறந்த தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு முனீஸ்வரர் இருந்தார். அவரைக் கும்பிடாமல் யாரும் விறகுக்கு உள்ளே போக மாட்டார்கள். ஹல்தியா வாசலில் எனக்கு அவர் நினைவுதான் வந்தது, கையைக் கூப்பிவிட்டேன்.

அதன் பக்கத்திலேயே மாஹினன் என்ற குட்டி மண்ணாவியின் பேரில் ஒரு சுற்று, சுமார் 2 கிலோமீட்டர். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். நான் போன அன்று என்னைவிட மூத்த ஒரு அம்மா கைத்தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்து வந்தார். எதிரே வந்ததும் "மொய்" என்றார். அங்கே வணக்கம் சொல்வது அப்படித்தான். நானும் "மொய்" என்றேன். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடப்பவர்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்தத் தைரியத்தில் இரண்டு நாள் கழித்து ஹவுக்கலம்பி போனோம். லம்பி என்றால் குளம், ஹவுக்கா என்றால் பருந்து வகைப் பறவை. பஸ் நிறுத்தத்திலிருந்து குளம் வரைக்கும் ரோட்டிலேயே ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, நான் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து பூனரின்டா சுற்று, அதுவும் 2 கிலோமீட்டர்தான். கணக்கில் சிறியது. ஆனால் வேர், பாறை, ஏற்ற இறக்கம். பாறை மேல் பாசி, பக்கத்தில் கறுத்த குளம், அதில் ஊசியிலை மரங்களின் நிழல். அழகுக்குக் குறை சொல்ல முடியாது. என்றாலும் முழங்கால் தேய்ந்தவர்கள் தூரத்தை மட்டும் பார்த்து இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பாதிக்கு மேல் நான் பக்கவாட்டில் இறங்கினேன். வழிக் குறி இங்கேயும் அருமை, ஆனால் கைப்பிடி இல்லாத இறக்கங்கள் என் மாதிரி ஆட்களுக்குக் கஷ்டம். ஐந்துக்கு மூன்று தருவேன். மாஹினன் சுற்றுக்கு ஐந்தும்.

பூனரின்டாவில்தான் என் சப்பாத்தும் போனது. கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் மலிவு விற்பனையில் வாங்கி, 'வெளிநாட்டுக்கு இருக்கட்டும்' என்று இரண்டு வருஷம் அலமாரியில் வைத்திருந்த நடைச் சப்பாத்து. ஒரு கிலோமீட்டரில் அடிப்பாகம் நாக்குப்போல் தொங்கிவிட்டது. மகள் தன் தலைமுடி ரப்பர் இரண்டைப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டாள். நம் ஊர் ஈரக் காற்றில் அந்த மெத்தை போன்ற நடு அடுக்கு போடாமல் வைத்திருந்தாலும் உளுத்துப்போகுமாம். வெளியே பார்க்கப் புதுசு, உள்ளே தூள். அந்தக் கடையில் விற்றவர் எந்த ஆண்டுச் சரக்கு என்று சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன். புறப்படுவதற்கு முன்னால் ஒரு மாதமாவது போட்டு நடந்து பாருங்கள்.

இனி டொர்ரொன்சுவோ. இந்த எழுத்தே அதற்காகத்தான்.

எஸ்போவிலிருந்து மகள் காடியில் கூட்டிப்போனாள், 2ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். தம்மெலா என்ற ஊர்ப்பகுதி. சுவோ என்றால் சதுப்பு. பின்லாந்து நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரு காலத்தில் இப்படிப்பட்ட சதுப்பாகவே இருந்தது. டொர்ரொன்சுவோ 1990இல் தேசியப் பூங்கா ஆனது. கிலியாமோ என்ற இடத்தில் காடியை நிறுத்திவிட்டு நடந்தால் கொஞ்ச நேரத்தில் மரம் முடிந்து வானம் திறந்துவிடுகிறது. பழுப்பும் சிவப்பும் பச்சையுமாக ஒரு பெரிய வெட்டவெளி. அதன் மேல் இரண்டு பலகைகளைச் சேர்த்துப் போட்ட பாதை நீண்டு போகிறது. பிட்கோஸ்பூட் என்கிறார்கள். படி இல்லை, மேடு இல்லை, பலகை மேல் நடந்தால் போதும்.

நான் முதல் பலகையில் கால் வைத்ததும் அது மெல்ல அமுங்கிக் கொடுத்தது. கீழே சேறும் தண்ணீரும் லேசாக அசைந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் அந்த மண்ணை எனக்குத் தெரியும்.

நான் பிறந்தது பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். கம்புட் மண் என்போம். மலாய்க்காரர்கள் தானா கம்புட் என்பார்கள். மக்கிப்போகாத இலையும் வேரும் மரமும் தண்ணீருக்குள் படிந்து படிந்து ஆன கறுப்பு மண். அதில் செம்பனை நட வேண்டுமானால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். என் அப்பாவுக்கு அதுதான் வேலை. அல்லூர், அதாவது வடிகால், வெட்டுவார், வெட்டிய அல்லூரைத் தூர் எடுப்பார். மாலையில் வரும்போது முழங்கால் வரைக்கும் கறுப்பாக இருக்கும். தண்ணீர் வடிந்த கம்புட் மண் வருஷத்துக்கு வருஷம் உள்வாங்கும். என் சின்ன வயசில் எங்கள் லயத்து வீட்டுக்கு ஒரு படி. நான் இடைநிலைப்பள்ளி முடிக்கும்போது மூன்று படி ஆகிவிட்டது. வீடு உயரவில்லை, தரை இறங்கிவிட்டது. செம்பனை மரங்கள் வேர் வெளியே தெரிய ஒருக்களித்து நிற்கும். வெயில் காலத்தில் தரைக்கு அடியில் நெருப்புப் பிடிக்கும். தீ கண்ணுக்குத் தெரியாது, மண்ணிலிருந்து புகை மட்டும் வரும். அப்பாவும் மற்றவர்களும் அல்லூர்த் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றுவார்கள். ஒரு இடத்தில் அணைந்தால் இருபதடி தள்ளி மறுபடி புகையும்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு அந்த மண்ணைத் தெரியாவிட்டாலும் அதன் புகையைத் தெரியும். 1997, 2015, 2019இல் வானத்தை மறைத்த புகைமூட்டத்தில் பெரும்பங்கு இப்படி வடித்துக் காயவிட்ட மண் எரிந்து வந்ததுதான். 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலையே அறிவித்தார்கள். நான் அன்று பள்ளி மூடிய வாரத்தில் வீட்டுச் சன்னல்களுக்கு ஈரத்துணி கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக, அறுபது வயதைத் தாண்டும் வரைக்கும் எனக்கு இந்த மண் என்றால் அல்லூர், சாய்ந்த மரம், புகை. டொர்ரொன்சுவோவில்தான் தண்ணீர் வடிக்காத ஒரு சதுப்பை முதல்முறை பார்த்தேன். அதன் ஆழம் 12 மீட்டர் வரைக்கும் போகிறது. எங்கள் செந்தூல் ஃப்ளாட்டில் நான்கு மாடி உயரம். இந்த மண் வருஷத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், அடியில் இருப்பது பனியுகம் முடிந்து பனிப்பாறை விலகிய பிறகு படியத் தொடங்கியது. நான் பலகையில் நின்றுகொண்டு இதைக் கணக்குப் போட்டுப் பேரனுக்குச் சொன்னேன். உன் நகத்தின் தடிமன் அளவுக்கு ஒரு வருஷம், அப்படிப் பத்தாயிரம் வருஷம். அவன் குனிந்து பலகை இடுக்கில் எட்டிப் பார்த்தான்.

இதை எல்லாம் கட்டியது ஒரு பாசி. ஸ்பேக்னம் என்பது அதன் அறிவியல் பேர். தன் காய்ந்த எடையைப்போல் 20 மடங்கு வரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். பலகையில் என்னால் குத்துக்காலிட முடியாது என்பதால் மகள் ஒரு பிடிப் பாசியை அமுக்கிக் காட்டி, விட்டாள். ஈரத் துவாலையை அமுக்கியதுபோல் தண்ணீர் வந்தது, விட்டதும் மறுபடி உறிஞ்சிக்கொண்டது. அந்தப் பாசி தண்ணீரைப் புளிப்பாக்கிவிடும். புளிப்பிலும் காற்றில்லாத ஈரத்திலும் எதுவும் சரியாக மக்காது, அதனால்தான் மண் ஏறிக்கொண்டே போகிறது. சதுப்பின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் மேடாகவே இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரோ ஊற்றுத் தண்ணீரோ அங்கே ஏறாது, மழை மட்டும்தான் சாப்பாடு. அதனால் அங்கே வளர்கிற எல்லாம் பசியோடு வளர்கிறது. என் தோளுயரப் பைன் மரங்கள் நூறு வயதைத் தாண்டியவையாகவும் இருக்கும் என்றாள் மகள். பலகை ஓரத்திலேயே கிஹோக்கி என்ற செடி, ஐம்பது காசு நாணயம் அளவு. சிவப்பு ரோமங்களின் நுனியில் பசைத் துளிகள். ஒரு கொசு ஒட்டிக்கொண்டு அசைந்துகொண்டிருந்தது. மண்ணில் கிடைக்காத சத்தை அது பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பள்ளியில் எத்தனை வருஷம் பூச்சி உண்ணும் தாவரம் என்று படத்தைக் காட்டிப் பாடம் நடத்தியிருப்பேன்! கண்ணால் பார்த்து நான் பத்து நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டேன்.

காற்றில் ஒரு கடும் வாசனை, கற்பூரத்துக்கும் மூலிகைத் தைலத்துக்கும் நடுவில். சுவோபுர்சு என்ற புதர். அந்தக் காலத்தில் துணிப்பெட்டியில் பூச்சி வராமல் இருக்க இதை வைப்பார்களாம். அதிக நேரம் முகர்ந்தால் தலை வலிக்கும் என்று மகள் சொன்னாள், எனக்கு வலிக்கவில்லை. தூரத்தில் கொக்கு மாதிரி, ஆனால் இன்னும் பெரிய குரலில் ஒரு ஜோடி கூவியது. குர்கி, நாரை வகை. அந்தச் சத்தம் வெட்டவெளி முழுக்க உருண்டு போனது. லக்கா என்ற ஆரஞ்சு நிறப் பழம் பெரும்பாலும் முடிந்துவிட்டிருந்தது. பின்லாந்தின் 2 யூரோ நாணயத்தில் இருப்பது அந்தப் பழம்தான். பேரன் தேடித் தேடி இரண்டு கண்டுபிடித்து ஒன்றை எனக்குக் கொடுத்தான். கனிந்த லக்காவில் புளிப்பும் தேனும் சேர்ந்திருக்கும், விதை பல்லில் நெருடும்.

கிலியாமோவில் ஒரு பார்வைக் கோபுரம் உண்டு. அது படிக்கட்டு, நான் ஏறவில்லை. மகளும் மருமகனும் ஏறி இறங்கி வந்தார்கள். ஆனால் இந்த முறை அவர்கள் காட்டிய படத்தைப் பார்த்து எனக்கு ஏக்கம் வரவில்லை. அவர்கள் மேலிருந்து பார்த்த இடத்தின் நடுவில் நான் நின்றிருந்தேன்.

பின்லாந்தும் எல்லாச் சதுப்பையும் இப்படி வைத்திருக்கவில்லை. பாதிக்கு மேல் வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டார்கள், பெரும்பாலும் மரம் வளர்ப்பதற்காக. இப்போது பாதுகாப்புப் பகுதிகளில் அந்த வாய்க்கால்களை அடைத்து மறுபடி தண்ணீரைத் தேக்குகிறார்கள். நம் சிலாங்கூரில் ராஜா மூசா வனத்திலும் கால்வாய்களை அடைத்து மரம் நடும் வேலை நடக்கிறது. அப்பா உயிரோடு இருந்தால் அல்லூரை அடைப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருப்பேன்.

டொர்ரொன்சுவோவுக்கு ஐந்துக்கு நாலே முக்கால். குறைத்த கால் எதற்கு என்றால், முந்தின இரவு மழை பெய்திருந்ததால் பலகைகள் வழுக்கின. சில இடத்தில் ஒரு பக்கம் அமிழ்ந்து சாய்ந்திருந்தன. எதிரே ஆள் வந்தால் ஒதுங்க அகலமான பலகை வரும்வரை ஒருவர் காத்திருக்க வேண்டும். அவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள், முகம் சுளிக்கவில்லை. கைத்தடி கொண்டுபோங்கள், ஆனால் அதைப் பலகைக்கு வெளியே ஊன்றாதீர்கள். பாதித் தடி உள்ளே போய்விடும். உட்கார இன்னும் இரண்டு பெஞ்சு போட்டிருக்கலாம்.

மூன்றாவது லியெஸ்யார்வி, அதுவும் தம்மெலாவில்தான், 2005இல் பூங்கா ஆனது. யார்வி என்றால் ஏரி. இங்கே கியூனாரன்ஹர்யு என்ற ஒடுக்கமான மண்மேடு இரண்டு ஏரிகளுக்கு நடுவே நீண்டு கிடக்கிறது. பனிப்பாறைக்கு அடியில் ஓடிய ஆறு கொண்டுவந்து குவித்த மணலும் கூழாங்கல்லும். அதன் மேல் பைன் மரங்கள், தரையெல்லாம் ஊசியிலை மெத்தை. வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் தண்ணீர். முழங்காலுக்கு இதைவிட இதமான மண்ணை நான் மிதித்ததில்லை. இரண்டு பக்கமும் முஸ்டிக்கா, அந்தக் கறுநீலப் பழம், கை நிறைய. காட்டில் பழமும் காளானும் பறிப்பது அங்கே எல்லாருக்குமான உரிமை, தேசியப் பூங்காவிலும் அனுமதி உண்டு. பேரனின் வாய், சட்டை, என் சேலைத் தலைப்பு எல்லாம் நீலம். ஆமாம், அன்று நான் சேலைதான் கட்டியிருந்தேன். அடியில் காலுறையும் காற்சட்டையும். உண்ணி கடிக்கும் என்பதால் அதில் மட்டும் மகள் விடாப்பிடி. வீட்டுக்கு வந்ததும் கால், முழங்கால் மடிப்பு எல்லாம் பார்க்க வேண்டும். நம் ஊர் அட்டைக்குப் பார்ப்பதுபோலத்தான்.

ஏரிக்கரையில் நெருப்பு மூட்ட இடம், பக்கத்தில் விறகுக் கொட்டகை, உள்ளே உலர்ந்த விறகும் ஒரு கோடரியும். இலவசம். காவல் யாரும் இல்லை. முன்னால் வந்தவர்கள் நமக்காகச் சுள்ளி பிளந்து வைத்திருந்தார்கள், நாங்களும் எழுந்து போகும்போது மருமகன் நாலு கட்டை பிளந்து வைத்தார். அங்கே குடும்பங்கள் தொத்திறைச்சி சுடுவார்கள். எங்களிடம் புளிச்சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், இக்கான் பிலிஸ் (நெத்திலி) சம்பல். சோளத்தையும் வெங்காயத்தையும் நெருப்பில் வாட்டினோம். பக்கத்தில் இருந்த இளம் தம்பதிக்குச் சம்பல் கொடுத்தோம். அந்தப் பெண் கண்ணீரோடு இன்னொரு கரண்டி கேட்டாள். காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாளில் திறந்தவெளியில் நெருப்பு மூட்டக்கூடாது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்திலேயே கொர்டெநியெமி என்ற பழைய பண்ணை, 1910களில் எப்படி இருந்ததோ அப்படியே நடத்துகிறார்கள். ஆடுகளை விட்டுப் பேரனை இழுத்து வருவதுதான் பெரும்பாடு. லியெஸ்யார்விக்கு ஐந்துக்கு ஐந்து.

சரி, எல்லாப் பாதைக்கும் பொதுவாகச் சில விஷயங்கள். கழிப்பறை உண்டு, ஆனால் தண்ணீர் இல்லாதது. முடித்ததும் மேலே மரத்தூள் போட வேண்டும். நம் ஆட்கள் ஒன்றரை லிட்டர் போத்தல் ஒன்றைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குப்பைத்தொட்டி இருக்காது, நம் குப்பையை நாமே திரும்பக் கொண்டுவர வேண்டும். கொசுவுக்கு நான் கொண்டுபோன செராய் (எலுமிச்சைப்புல்) எண்ணெய் காட்டுக்குள் போதவில்லை. அங்கே சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் தெளிப்பான்தான் கேட்டது. வெட்டவெளிச் சதுப்பில் காற்று இருந்தால் கொசு குறைவு. அவசரத்துக்கு 112. அதற்கென்று உள்ள செயலியை இறக்கி வைத்தால் அழைக்கும்போதே நாம் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். இது இருந்ததால்தான் கடைசி வாரம் மகள் என்னை மாஹினன் சுற்றுக்குத் தனியாக அனுப்பினாள். மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா வேண்டியதில்லை. ஜூலைக் கடைசியில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆகவே நேரம் பார்த்து அவசரப்பட வேண்டாம், மெதுவாக நடங்கள்.

திரும்பி வந்து முதல் ஞாயிறு பந்திங் போனேன். அம்மாவுக்கு 86 வயது, கண் இன்னும் தெளிவு. டொர்ரொன்சுவோவில் எடுத்த காணொளியைக் காட்டினேன். கறுத்த குளங்கள், பாசி, பலகை, குர்கியின் சத்தம். கைப்பேசியை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கம்புட் தானே இது?"

"ஆமாம்மா."

"தண்ணிய வெட்டி விடலியா?"

"இல்லம்மா, அப்படியே வச்சிருக்காங்க."

மறுபடியும் போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தார். அதன் பிறகு அப்பா வெட்டிய முதல் அல்லூர் எந்தப் பக்கம் தொடங்கியது என்று கையால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதுவரை தெரியாத கதை.

அடுத்த ஆண்டு செப்டம்பருக்குத் தபால்கார அண்ணனும் குழுவில் இன்னும் இருவரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அப்போது கொசு குறைந்துவிடும், இலைகள் நிறம் மாறும், சதுப்பில் கார்பலோ என்ற சிவப்புப் பழம் கனியும். மூவரும் புதுச் சப்பாத்து வாங்கிவிட்டார்கள். ஃப்ரிம் ஈர மண்ணில் நான்கு ஞாயிறு அவற்றோடு நடந்து பார்த்த பிறகுதான் விமான டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.